பதிமூணுக்கும் பதினாலுக்கும் நடுவே

"ஸ்பேனரைக் குடுத்துவிட மாட்டேன். வேணும்னா நானே வந்து கழட்டித் தாரேன்" என்றார் முனியராஜ்.

வந்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கிரீஸ் அப்பிய லுங்கி, தோளில் அழுக்குத் துண்டு. கையில் பாதி சோப்புக்கட்டி. அதில் ஒரு நட்டை அழுத்தி அச்சு எடுத்திருந்தார்.

"பழைய கார். பெட்ரோல் பம்ப் நட்டு. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் ஏறல, பதினாலு வழுக்குது. அரை இஞ்சும் ஏறல. பதினோரு கடை ஏறி இறங்கிட்டேன். உங்ககிட்டதான் இருக்கும்னாக."

முனியராஜ் பட்டாசுப் பெட்டிக்கு அட்டை வெட்டுகிறவர். அவருடைய மிஷின் அந்தக் காலத்து இங்கிலீஷ் மிஷின். அதற்கு ஏழு ஸ்பேனர், சுவரில் ஏழு ஆணி. ஓர் ஆணி காலியாக இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"இங்கிலீஷ்காரன் ஸ்பேனர்ல வாயோட அகலத்தை எழுத மாட்டான். போல்ட்டோட தடிமனை எழுதுவான். 'கால் இஞ்சு'ன்னு போட்டிருக்கும், வாய் அரை இஞ்சுக்கு மேல இருக்கும். பதிமூணுக்கும் பதினாலுக்கும் நடுவுல" என்றபடி மூன்றாவது ஆணியில் இருந்ததை எடுத்துத் துணியில் சுற்றினார்.

"தீபாவளிக்கு நாப்பத்தாறு நாள்தான் கெடக்கு. மிஷினை நிப்பாட்டிட்டா போறீக?" என்றாள் மனைவி வள்ளித்தாய். "நம்ம பிள்ளையக்கூட நீங்க இப்படிக் கையோட பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டதில்ல."

அவர் ஸ்பேனரோடு லுங்கிக்காரரின் மொபெட்டில் ஏறிக்கொண்டார்.

"எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்று வழியில் கேட்டார்.

"நாளைக்கு விருதுநகர்ல அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண்ணு போயிருச்சு. இன்னும் தள்ளிப் போட்டா இன்னொண்ணும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவரோ, இந்தக் கார் ஓடினா அதுல வாரேன், இல்லாட்டி வரலைன்னு ஒத்தக் கால்ல நிக்காரு. பதினெட்டு வருசமா ஓடாத கார். இருபத்தாறு நாளா ஒவ்வொண்ணா பிரிச்சு மாட்டியாச்சு. இந்த ரெண்டு நட்டுதான் பாக்கி."

நாரணாபுரம் ரோட்டில் பெரிய வீடு. வாசலில் புத்தம்புதுக் கார் ஒன்று பளபளவென்று நின்றது. அதைப் பார்த்ததும் முனியராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பின்னால் ஷெட். பழைய காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"வந்தாச்சா? எம்புட்டு நேரம்!"

"வந்துட்டேன் அண்ணாச்சி" என்றார் லுங்கிக்காரர்.

"மறுபடியும் பதினாலை வச்சிராதீக. அது வழுக்குற சத்தம் கேட்டா எனக்குப் பல்லு கூசுது. நட்டு மழுங்கிப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"சரி அண்ணாச்சி."

பெரியவருக்கு மரியாதை எல்லாம் வாயில்தான் என்று நினைத்துக்கொண்டார் முனியராஜ்.

பானட்டுக்குள் குனிந்து ஸ்பேனரை நட்டில் வைத்தார். நூல் அளவுகூட ஆட்டம் இல்லை. ஒரு இழுப்பு. 'கடக்.'

"ஆங்! அதுதான் சத்தம்" என்றார் பெரியவர்.

இரண்டாவது நட்டும் கழன்றது. பம்ப் வெளியே வந்தது. லுங்கிக்காரர் புது ரப்பரை மாட்ட ஆரம்பித்தார். பெரியவரின் வாய் ஓயவில்லை.

"துடைச்சிட்டுப் போடுங்க... விளிம்புல தூசி நிக்கும்... ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி முறுக்கணும், எத்தனை தடவ சொல்றது? காபி ஆறிப்போச்சு, வேற சொல்லுங்க."

முனியராஜ் நட்டுகளை முறுக்கித் தர, லுங்கிக்காரர் பம்பை மாட்டி முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு காபிக்காக வீட்டுக்குள் ஓடினார்.

முனியராஜ் யாரிடமும் அதிகம் பேசாதவர். ஆனாலும் அன்று பொறுக்கவில்லை.

"ஐயா, கோவிச்சுக்கிடாதீக. அவரும் வயசானவருதான். ஒரு மணி நேரத்துல இருபத்திமூணு வேலை ஏவியிருக்கீக, எண்ணிட்டேன். வாசல்ல புதுக் கார் நிக்குது. அதுல போனா என்ன, கவுரவம் கொறைஞ்சா போயிரும்?"

பெரியவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

லுங்கிக்காரர் காபியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டு, காருக்குள் ஏறிச் சாவியைத் திருப்பினார். மூன்று முறை இருமிவிட்டு அடங்கியது. நான்காவது முறை இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஷெட்டே அதிர்ந்தது.

"ஓடிருச்சு அண்ணாச்சி! காலையில எட்டு மணிக்கு ரெடியா இருங்க. இனிமே சாக்குச் சொல்ல முடியாது!"

"ஓடவே ஓடாதுன்னு நெனச்சுல்ல அப்படிச் சொல்லி வச்சேன்!" என்றார் பெரியவர். "கண்ணுல கத்தி வைப்பாகன்னா பயமா இருக்காதா?" என்றாலும் சத்தம் வந்த பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டபோது முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "ம்... நல்லாத்தான் ஓடுது."

எழுந்து காரைத் தடவிக்கொண்டே நடந்தார். லுங்கிக்காரர் இறங்கி வந்து, கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, பின்கதவைத் திறந்தார்.

"ஒரு தடவ உக்காந்து பாருங்க அண்ணாச்சி."

பெரியவர் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "பின்சீட்டா? அது மொதலாளி சீட்டுல்ல. நான் அதுல உக்காரலாமா?"

"மொதலாளி நான்தான சொல்றேன்" என்றார் லுங்கிக்காரர். "முப்பத்தொரு வருசம் நீங்க ஓட்டுனீக, நான் உக்காந்து வந்தேன். நாளைக்கு நான் ஓட்டுறேன். ஏறுங்க."