முதல் பேட்டரி

"இன்னா பேட்டரி போட்ட டில்லி? விம்கோ நகராண்ட நட்ட நடு ரோட்ல நின்னுகினேன். பின்னால டேங்கர் லாரி! மீனு பூரா கெட்டுப் பூடுச்சு!" என்று கத்தியபடி, பேட்டரியில் ஓடும் மீன் வண்டியைத் தள்ளிவந்து மெக்கானிக் கடையில் நிறுத்தினாள் ராஜாத்தி.

டில்லிபாபு சீட்டைத் தூக்கி மீட்டர் வைத்தான். வரிசையாகக் கோத்த நாலு பேட்டரியில் முதலாவது மட்டும் காலி. ஒன்று படுத்தால் வண்டியே படுத்துவிடும். இந்த மாதம் வந்த மீன் வண்டிக்கெல்லாம் இதே பேஜாருதான். ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டுப் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தான்.

போன வாரம் போட்ட புதுசும் அதே இடத்தில் காலியென்றால், கோளாறு பேட்டரியில் இல்லை. கால்மிதியைத் தூக்கினான். முதல் பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு ஒயர் கிளம்பி, மீன் விற்கக் கூவும் ஸ்பீக்கருக்குப் போயிருந்தது.

"நாலுலேர்ந்தும் சேர்த்துல்ல எடுக்கணும்! ஒண்ணையே உறிஞ்சினா அது படுக்காம இன்னா பண்ணும்? எந்தப் பேமானி குடுத்தான் இந்த கனெக்சன? இட்டுகினு வா அவன!"

ராஜாத்தி கடைக்குள் பார்த்தாள். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டில்லிபாபுவின் மனைவி மலர் தலையை நிமிர்த்தினாள்.

"நான்தான் குடுத்தேன். நீ துன்னுட்டுத் தூங்கிகினு இருந்த. எழுப்புனா வள்ளுனு வுழுவ."

டில்லிபாபுவின் குரல் இறங்கியது. "இந்த ஒரு வண்டிக்குத்தான?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் ஒரு ஸ்பீக்கர் கூவியது.

"வஞ்சிரம், சங்கரா, நெத்திலி... வஞ்சிரம், சங்கரா, நெத்..."

பாதியிலேயே நின்றுபோனது.