செவலையின் கழுத்துப்பட்டை

ஆட்டின் மனசைப் பேச்சாக்கிச் சொல்லும் கழுத்துப்பட்டை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பாக்கியஜோதிக்கு வைத்தியம் பார்ப்பதைவிட ஆட்டோடு வாயாடுவதே பெரும்பாடாக இருந்தது.

வயிறு உப்பி நின்ற செவலை ஆட்டின் வாயில் மருந்துப் புட்டியை வைத்ததுமே பட்டை பேசியது. "தலைய இவ்வளவு தூக்காத. போன தடவ பொரையேறி உயிரே போச்சு."

"உயிரு போன மாதிரி தெரியலியே" என்றபடி அவள் அதன் தலையைத் தாழ்த்தி, கடைவாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"கசக்கு. வெல்லம் உண்டா?"

கொடுத்தாள். ஆடு பெரிய ஏப்பமாக விட்டது. "இப்பம் தேவல" என்றது பட்டை.

உள்ளே அவள் கணவன் கோயில்பிச்சை நேற்றிலிருந்து கட்டிலில் சுருண்டு கிடந்தான். எங்கே வலிக்கிறது என்று எத்தனை முறை கேட்டாலும், "ஒண்ணுமில்லளா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த மனுசனுக்கு ஆடு எவ்வளவோ மேல் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டையைக் கழற்றி எடுத்துப் போய், அவன் அசந்த நேரம் பார்த்து அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"வலது அடிவயித்துல குத்திக் கொல்லுது" என்றது பட்டை. "ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு. அதான் சொல்லல."

கோயில்பிச்சை திடுக்கிட்டு எழுந்தான். "அது ஆடு சொன்னதுளா. பட்டைக்குள்ள மிச்சம் கெடந்திருக்கும்."

அவள் ஆட்டோவுக்குப் போன் போட்டாள். அவன் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு சட்டையை மாட்டினான்.

வாசலைத் தாண்டும்போது அவன் கழுத்தில் கிடந்த பட்டை தாழ்ந்த குரலில் கேட்டது. "எனக்கும் வெல்லம் உண்டா?"