சாயச் சோதனை

"நதி நம் தாய். அவள்மேல் ஒரு துளி அழுக்குப் படவிடமாட்டேன்!" என்று நதி ஆணைய அதிகாரி முழங்கியதும், சலவைக்கடைக்காரி கைகூப்பினாள்.

"என் கடைத் தண்ணி ஆத்துக்குப் போகல சார். கடைய மூடிட்டா நாலு வயிறு காயும்."

"உன் சாக்கடையில சிவப்புச் சாயம் ஊத்தப்போறோம். ஆத்துல சிவப்பு தெரிஞ்சா சீல்தான்!"

அதற்குள் ஆற்றங்கரையில் நின்ற அதிகாரியின் ஆள் போனில் அலறினார். "ஆறு செக்கச்செவேல்னு ஓடுது சார்!"

அதிகாரி கதவில் சீல் வைத்தேவிட்டார்.

"சார், சாயத்தை இன்னும் ஊத்தவே இல்லையே! வாளி நிறைய அப்படியே இருக்கே!" என்றாள் சலவைக்கடைக்காரி.

வாளியோடு நின்ற உதவியாளர் நெளிந்தார். "ஆபீஸ்ல கரைக்கிறப்போ முதல் வாளி கொட்டிடுச்சு சார். கக்கூஸ்ல கழுவிவிட்டேன்."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "வெச்ச சீலை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றபடி ஜீப்பில் ஏறினார்.

ஆணைய அலுவலகத்துக் கக்கூஸ் குழாய் நேராக ஆற்றில்தான் விடப்பட்டிருந்தது.