கோட்டைக்குக் கீழே மட்டும் மழை

தேனப்பனின் முழங்கை பட்டு டீ டம்ளர் கவிழ்ந்தது. சாப்பாட்டு மேசையில் பாளையக்காரர் காலத்துக் கோட்டைச் சண்டை விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. நனைந்ததெல்லாம் கோட்டைக்குக் கீழே பீரங்கிகளோடு நின்ற அவன் மனைவி உமாவின் படை, அவளே வர்ணம் பூசிய விரலளவு பொம்மை வீரர்கள். அடுத்த பகடையில் கோட்டையைப் பிடித்து, முதன்முறையாக அவனை ஜெயித்திருப்பாள்.

"நம்ம வீட்டுக்குப் புது விதி," என்றான். "மழை பேஞ்சா பீரங்கி வெடிக்காது. மழையும் கோட்டைக்குக் கீழ மட்டுந்தான்."

"அது டீங்க."

"விதி விதிதான்."

சொன்ன வாய்க்கே கூசியது. ஆனாலும் பகடையை உருட்டி ஜெயித்தான். உமா டீயைத் துடைத்தாள்.

மறுநாள் காலை அவளுடைய வீரர்கள் மறுபடி நனைந்திருந்தார்கள். இம்முறை தண்ணீர், புழுதியில் மழை விழுந்த வாசம். கோட்டைமேல் நின்ற அவனுடைய ஆட்கள் காய்ந்தே இருந்தார்கள். கூரை ஒழுகவில்லை. திருமயத்து வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை.

இருவரும் துடைத்தார்கள். அடுத்த நாளும் நனைந்திருந்தது. விதியை ரத்து செய்வதாகத் தேனப்பன் மேசையிடம் அறிவித்தான். மேசை கண்டுகொள்ளவில்லை.

துண்டைப் பிழிந்துகொண்டிருந்தவளிடம், முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "இது எப்பத்தான் விடும், உமா?"

அவள் ஒரு வீரனைத் தூக்கிக் காட்டினாள். முழங்கால்வரை சேறு.

"அன்னைக்கு நான்தான் ஜெயிச்சேன்னு சொல்லுங்க. விட்டுரும்."