பெயர் போடாத கடிதம்

பற்றிக் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வெளியே வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி சேவைக் கழக மண்டபத்தின் வாசலுக்கு ஓடினான்.

மூன்றாம் வரிசையில் இருந்த ஞானசேகரத்துக்கு வயிறு எரிந்தது. "விருது வாங்கிறதுக்கெண்டே தைச்ச கோட்டு" என்று மனைவி புஸ்பராணியின் காதில் முணுமுணுத்தார்.

"சும்மா இருங்கோ. அந்தப் பிள்ளை ரெண்டு தரம் போன் எடுத்து, 'நீங்களும் கட்டாயம் வரோணும் அக்கா' எண்டு சொல்லிச்சுது."

"தனக்குக் கைதட்ட ஆள் காணாது போல."

ஞானசேகரம் துறைமுகப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். உடைந்து மூலையில் கிடக்கும் சக்கர நாற்காலிகளைத் திருத்தி, நடக்க முடியாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று கழகத்தில் முதலில் சொன்னவரும் அவர்தான். அன்றைக்கு ஒருவரும் காதில் வாங்கவில்லை. தன் வீட்டு முற்றத்தில் நான்கு நாற்காலிகளைத் திருத்திக் கொடுத்ததோடு அவரும் அலுத்துப்போனார்.

ஆறு வருடம் கழித்துக் கழகத்தில் சேர்ந்த பற்றிக், அந்த யோசனையைத் தூசு தட்டி எடுத்தான். ஆட்களைச் சேர்த்தான், திருத்தும் வேலைக்கு ஞானசேகரத்தையும் இழுத்தான், லொறி பிடித்தான், செயலாளராகவும் வந்துவிட்டான். கப்பல்துறையிலிருந்து புல்மோட்டை வரைக்கும் ஐம்பத்துமூன்று நாற்காலிகள் போய்ச் சேர்ந்தன.

பத்திரிகையில் பற்றிக்கின் சிரித்த முகம் பெரிதாக வந்தது. பின்னால் சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஞானசேகரத்தின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

அந்த முழங்கையைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருடத்துச் சிறந்த சேவையாளர் விருது இந்தக் கழகத்துக்கு வரப்போகிறது என்று கதை அடிபட்டதும், விருதுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

'சக்கர நாற்காலிகளில் பாதி ஒருவருக்கும் கொடுபடவில்லை. எல்லாம் படத்துக்கு. விசாரியுங்கள்.'

அத்தனையும் பொய் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாற்காலியின் சில்லையும் சுற்றிப் பார்த்து அனுப்பியவரே அவர்தான். கையெழுத்துப் பிடிபடாமல் இருக்க எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்தார். பெயர் போடவில்லை. பஸ் ஏறிச் சீனக்குடாவுக்குப் போய், அங்கே தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

வாசலில் பரபரப்பு எழுந்தது. விருதுக் குழுவின் தலைவர் கலீலுர் றஹ்மான் வந்துவிட்டார். அன்றைய சிறப்புப் பேச்சாளரும் அவர்தான்.

ஞானசேகரம் முந்திக்கொண்டு போய்க் கையை நீட்டினார். "வணக்கம் சேர். நான் ஞானசேகரம்."

கலீலுர் றஹ்மான் அவரை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார். கையைக் கொடுக்காமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு மேடைக்குப் போனார். 'பெரிய ஆள் எண்ட எண்ணம்' என்று ஞானசேகரம் மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

பேச்சாளர் பொதுச்சேவையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இண்டைக்கு இந்த மேடையில ஒரு விருது குடுக்க இருந்தது. ஆனா, சக்கர நாற்காலியளில பாதி ஒருத்தருக்கும் குடுபடேல்லையெண்டு எங்களுக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் வந்திருக்கு. பெயர் இல்லாத கடிதம்தான், எண்டாலும் விசாரிக்காமக் குடுக்க ஏலாது. அதால இந்த வருச விருது வேற கழகத்துக்குப் போகுது. இங்க வாங்க இருந்தவர் ஆரெண்டு நான் சொல்லேல்ல. சொன்னா அவருக்குத்தான் மரியாதைக் கேடு."

எல்லாக் கண்களும் பற்றிக்கின் பக்கம் திரும்பின.

"ஆர் எழுதினது அந்தக் கடிதம்?" கப்பல்துறையிலிருந்து வந்திருந்த சிவரூபி தன் சக்கர நாற்காலியை முன்னுக்கு உருட்டினாள். "அப்ப நான் இப்ப இருக்கிறது எதில? காத்திலயோ? இது வந்த பிறகுதான் நான் வீட்டு வாசலையே தாண்டினனான், ஐயா!"

ஞானசேகரம் அவளைப் பார்க்காமல் குனிந்துகொண்டார். உள்ளே உறுத்தியதுதான். ஆனால் மேடையோரத்தில் முகம் கறுத்து நின்ற பற்றிக்கைக் கண்டதும், பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு குளிர்ந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீருக்குக் கலைந்தார்கள். பற்றிக் மட்டும் விறாந்தையில் தனியே நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

அந்த முகத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும்போல இருந்தது ஞானசேகரத்துக்கு. இரண்டு பிளேன்ரீயோடு போய் ஒன்றை அவனிடம் நீட்டினார்.

"மனசை விடாதேங்கோ தம்பி" என்றார் இனிக்க இனிக்க. "உங்களுக்கு இன்னும் வயசு கிடக்கு. அடுத்த வருசம் அந்த விருது உங்களுக்குத்தான்."

"எனக்கோ?" பற்றிக் திரும்பினான். தேநீரை வாங்க நீட்டிய கை பாதியில் நின்றது. "எனக்கு ஏன் அண்ணை விருது?"

"பின்னை? உங்கட பேர்தானே விருதுக்குப் போனது?"

அவன் ஏதோ குற்றம் செய்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லை அண்ணை. நான் அனுப்பினது உங்கட பேரை."