நான்காவது முதலாளி

அந்த உல்லாசக் கப்பல் மூன்று முதலாளிகளிடம் உழைத்துவிட்டது. முதலாமவர் அதற்குள் நடன அரங்கு கட்டினார். அடுத்தவர் அதை இடித்துச் சூதாட்டக் கூடம் ஆக்கினார். மூன்றாமவர் ஒரு பயணம்கூட அனுப்பாமல் துறைமுகத்திலேயே துருப்பிடிக்க விட்டு, கடைசியில் யாருக்கோ விற்றுவிட்டார்.

ஒரு நாள் காலை இழுவைப் படகு ஒன்று வந்து வடத்தை மாட்டித் தெற்கே இழுத்தது. பழைய கப்பல்களை உடைக்கிற கடற்கரை தெற்கில்தான் இருந்தது.

"தம்பி, உடைக்கத்தானே கொண்டுபோகிறாய்? ஒளிக்காமல் சொல்லிவிடு" என்றது கப்பல்.

"யாரக்கா சொன்னது?" என்று படகு சிரித்தது. "அடுத்த தீவில் புயலுக்கு வீட்டைப் பறிகொடுத்தவர்கள் முந்நூறு பேர் இருக்கிறார்கள். வீடு கட்டி முடிகிறவரை உங்களிடம்தான் குடியிருக்கப் போகிறார்கள். அந்தத் தீவுக்காரர்கள்தான் உங்களை வாங்கியிருக்கிறார்கள்."

கப்பல் தன் அறைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது.

"கீழ்த்தளத்தில் இரண்டு குழாய் ஒழுகுகிறது, தம்பி. குழந்தைகள் வழுக்கி விழுந்துவிடப் போகிறார்கள். முதலில் அதைச் சரிபார்க்கச் சொல்."

தீவை அடைந்த மறுநாளே மேல்தளக் கம்பிகள் முழுக்கச் சேலைகளும் பள்ளிச் சீருடைகளும் ஈரம் சொட்டத் தொங்கின. அவை சீக்கிரம் காயட்டும் என்று, கப்பல் வெயில் பக்கமாக மெல்லத் திரும்பிக் கொடுத்தது.