பெண் பார்த்த படகு

“அப்பா, அவங்க எதக் கேட்டாலும் மறைக்காம பதில் சொல்லுங்க. கல்யாணப் பேச்ச மட்டும் நீங்களா எடுக்காதீங்க” என்றாள் பாக்கியம், படகில் ஏறுவதற்கு முன்.

“எல்லாம் தெரியும்லா. நீ போய் அந்த மீனம்மா பக்கத்துல உக்காரு” என்றார் நாகமுத்து.

ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி அவர். ஒரே மகள் மலாக்கா ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்குப் படிக்கிறாள். வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்தவள், போன மாதம் தானாகவே வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்க்கும் மீனம்மாவுக்கு ஓர் அண்ணன் மகன் இருக்கிறானாம். பஸ் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாம்.

வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் பார்க்க இது காலமில்லை. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கும் அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வெளியாள் உள்ளே வந்தால் கேட்டில் ஆயிரம் கேள்வி. அதனால்தான் இந்தப் படகு ஏற்பாடு. பையனுக்கு முன்னால் மீனம்மா வந்து பார்ப்பதாகப் பேச்சு. துணிக்கடை ஹனிபா பாய் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மீன்பிடி படகை மொத்தமாகப் பேசி, ஆள் சேர்த்து, தீவு தீவாகச் சுற்றிக் காட்டி வருவார். எல்லாரும் பங்கு போடுவதால் செலவு கையைக் கடிக்காது.

படகு கிளம்பியதும் பாக்கியம் நேராக முன்பக்கம் போய் ஹனிபா பாயின் மனைவி நூர் பீவியோடு உட்கார்ந்துகொண்டாள். மீனம்மா வந்து நாகமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாகமுத்துவுக்குச் சுருக்கென்றது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா உட்காருவாள் ஒரு பெண்?

“கொஞ்சம் கூச்ச சுபாவம்மா. ஆனா நல்ல கைப்பக்குவம். மீன் கொழம்பு வச்சா லயத்து வீடெல்லாம் மணக்கும்” என்றார்.

“அது கெடக்கட்டும். நீங்க சமைப்பீங்களா?”

“நானா? அவ ஆஸ்டல்லதான இருக்கா. நாந்தான் பொங்கித் திங்கிறேன். ஒரு நாள் சோறு குழையும், ஒரு நாள் அடி பிடிக்கும்.”

மீனம்மா சிரித்தாள். முதல் தீவில் எல்லோரும் இறங்கி ஆமை முட்டையிட்ட குழிகளைப் பார்த்தார்கள். மீனம்மா மணலில் அவரோடு சேர்ந்தே நடந்தாள்.

“தண்ணி போடுவீங்களா கங்காணி?”

“தீபாவளிக்கு மட்டும்மா” என்றவர், பாக்கியம் மறைக்காதீங்க என்று சொன்னது நினைவுக்கு வர, “சம்பள நாள்லயும் கொஞ்சம்” என்றார்.

“இருமுறீங்களே, டாக்டர்ட்ட காட்டுனீங்களா?”

பரம்பரை வியாதி ஏதும் உண்டா என்று நோட்டம் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. நாகமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். “சும்மா பனிக்கு வர்றதும்மா. எங்க வம்சமே இரும்பு.”

பூலாவ் பெசார் தீவுக்குப் போகும் வழியில் அலை தூக்கியடித்தது. இரும்பு வம்சத்துக்கு வயிற்றைப் புரட்டியது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடலே வந்துவிடும்போல வாந்தியெடுத்தார். ஒரு கை அவர் நெற்றியை இறுகத் தாங்கிப் பிடித்தது. நிமிர்ந்தால் மீனம்மா. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

போச்சு, சம்பந்தம் கடலோடு போச்சு என்று நினைத்தார் அவர்.

“மன்னிச்சிருங்கம்மா. கடல் பழக்கமில்ல.”

“இதுல என்ன இருக்கு? ஆஸ்பத்திரில பாக்காததா?” என்றவள், அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, “பாக்கியத்தோட அம்மா எப்பத் தவறுனாங்க?” என்று கேட்டாள்.

“சப்பான்காரன் காலத்துல. காய்ச்சல், மருந்து கெடைக்கல. இவ சின்னப் புள்ள. சட பின்னக்கூட நாந்தான் கத்துக்கிட்டேன். மொதல்ல பின்னுன சடயப் பாத்து லயமே சிரிச்சிச்சு. ஆனா இவ அவுக்க விடல. அப்படியே பள்ளிக்கூடம் போனா.”

“எங்க வீட்டுக்காரர சப்பான்காரன்தான் சயாம் ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போனான். வரல” என்றாள் மீனம்மா.

அவர் கையிலிருந்த குடையை விரித்து, அவள் பக்கமாகவே சாய்த்துப் பிடித்தார். தன் தோளில் வெயில் சுட்டது. பரவாயில்லை என்றிருந்தது. கடைசித் தீவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

கரையேறியதும் மீனம்மா பாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். “வரேங்க” என்று இவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு பஸ்சுக்குப் போய்விட்டாள்.

நாகமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “என்னம்மா சொன்னாங்க? நான் வாந்தியெடுத்துக் காரியத்தக் கெடுத்துட்டேனா?”

“இல்லப்பா. ரொம்பப் பிடிச்சிருக்காம்.”

“அப்பாடா! நல்ல எடம்மா. அந்தம்மா இருக்கிற வீட்ல நீ கண்கலங்க மாட்ட. பையன் எப்ப உன்னப் பாக்க வர்றானாம்?”

பாக்கியம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களத் தனியா விட்டுட்டு நான் எப்படிப்பா கல்யாணம் பண்ணிக்குவேன்? அந்தம்மாவுக்கு அண்ணன் மகனெல்லாம் யாரும் இல்ல. அவங்க பாக்க வந்த மாப்பிள்ளையே நீங்கதான்.”